டச்சிங் செய்த காவிரி

ஸ்ரீரங்கத்து ஜனங்களைப் போல வேடிக்கையான மனுஷர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. நானும் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள்தான், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வாசலில் இறங்கி நாலு எட்டு நடந்தால் காவிரி. அதை விட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டி, பிள்ளைகளுக்கு மை தீட்டி, பஸ் ஏறி, அதே காவிரியைப் பாலத்தின் மேல் கடந்து, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்து மாடியில் இருந்த என் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வருவார்கள். படியேறின மூச்சு அடங்குவதற்கு முன்னாலேயே, "அந்தக் காவேரி சீனைப் போடுங்கோ" என்பார்கள்.

சீன் என்றால், படம் எடுத்துக்கொள்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடும் பெரிய துணித் திரை. அதில் சாயத்தால் ஏதாவது எழுதியிருக்கும். எங்கள் ஸ்டூடியோவில் தாஜ்மகால் ஒன்று இருந்தது, மாடிப்படியும் பூந்தொட்டியுமாக ஒன்று இருந்தது. ஆனால் காவிரிக்குத்தான் கிராக்கி. அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து பார்த்தால் அக்கரையில் மலைக்கோட்டை தெரியுமே, அந்தக் காட்சி. கரை தொட்டு ஓடுகிற தண்ணீர், நாணல், ஒரு பரிசல். அதை எழுதினவர் என் வீட்டுக்காரர்.

எங்கள் கல்யாணம் ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அண்ணன் ஒரே சமயத்தில் சீன் எழுத ஆளும் தேடிக்கொண்டிருந்தான், தங்கைக்கு மாப்பிள்ளையும் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு வேலையையும் ஒரே ஆளை வைத்து முடித்துவிட்டான். கெட்டிக்காரன். நான் கோபமாக இருக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஏன் தங்கச்சி, ரெண்டுலயும் நஷ்டமா?" என்பான். இரண்டிலும் நஷ்டம் இல்லைதான்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். ஆனால் காவிரி விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் எலியும் பூனையும். ஸ்டூடியோ வாசலில் அண்ணன் எடுத்த பெரிய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதே படித்துறை, அதே இடம், அதே மலைக்கோட்டை. ஆனால் கோடையில் எடுத்தது. ஆறு முழுக்க வெறும் மணல். நடுவில் கால்வாய் மாதிரி கொஞ்சம் தண்ணீர். கறுப்பு வெள்ளையில் அந்த மணல் கண்ணைக் கூச வைக்கும்.

"மாப்பிள்ளை, நீங்க வரைஞ்சிருக்கிறது காவேரியா, பாற்கடலா?" என்று ஆரம்பிப்பான் அண்ணன். "மலைக்கோட்டையைப் பிடிச்சு இழுத்து ஆத்துக்கு நடுவுல வச்சிட்டீங்க. அது அங்கேயா இருக்கு?"

"உங்க காவேரியில தண்ணி எங்க மச்சான்?" என்பார் இவர். "உப்புக் காயப்போட்ட மாதிரி இருக்கு. நீங்க எடுத்த நிமிஷத்துல அது செத்துப் போச்சு."

"இருந்தது இருந்தபடி எடுத்திருக்கேன்."

"நான் வரப்போறதையும் சேர்த்து வரைஞ்சிருக்கேன்."

சோறு ஆறிப்போகும், சண்டை ஆறாது. நான் இரண்டு பேர் தட்டிலும் குழம்பை ஊற்றிவிட்டு, "ரெண்டு காவேரியிலயும் ஒரு குடம் தண்ணி மொள்ள முடியாது, சாப்பிடுங்க" என்பேன்.

அண்ணனின் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவன் ஸ்டூடியோவில் ஒரே ஒரு சட்டம்: ஆடக் கூடாது. கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஆடாதீங்க, ஆடாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று அவன் அதட்டுகிற அதட்டலில் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு முழிக்கும். ஆடிப்போன படம் ஒன்றுகூட அவன் முத்திரை குத்தி வெளியே போனதில்லை. வாடிக்கைக்காரரே "பரவாயில்லைங்க, கொடுங்க" என்றாலும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பான்.

அதற்கு அடுத்தது டச்சிங். கண்ணாடி நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் முகத்திலுள்ள வடு, பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக வைத்து மறைத்துவிடுவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான் என்பார்களே, அதற்கு ஆள் அவன்தான். ஒரு தடவை பாலக்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு உதட்டோரத்து மச்சத்தையும் சேர்த்து எடுத்துவிட்டான். அவளுடைய அம்மா படியேறி வந்து, "என் பொண்ணுக்கு அந்த மச்சம்தாங்க அதிர்ஷ்டம், எங்கே அது?" என்று ஒரே சத்தம். அண்ணன் அசரவில்லை. பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நெகட்டிவில் ஒரு துடை துடைத்தான். பென்சில் போயிற்று, மச்சம் வந்துவிட்டது.

அன்றைக்கு நான் அவனிடம், "நல்ல வித்தையா இருக்கே, எதை வேணும்னாலும் திருப்பிக் கொண்டாரலாமா?" என்று கேட்டேன். இல்லையாம். படத்தில் கறுப்பாக விழுவதை மறைக்கத்தான் பென்சில். அதைத் துடைத்துவிடலாம். வெள்ளையாக விழுவதை எடுக்க வேண்டுமானால் சின்னக் கத்தியால் நெகட்டிவையே சுரண்ட வேண்டும். "சுரண்டினது சுரண்டினதுதான் தங்கச்சி. அது திரும்பாது" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அறுபதுகள் பிறந்த சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்று நான்தான் அப்போது சொன்னேன். கொல்லைப்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சட்டம் அடித்தார். அதற்குள் மெல்லிய ரீப்பர் கட்டைகளை, ஜன்னல் கம்பி மாதிரி, நெருக்கமாக நிற்க வைத்தார். ஒவ்வொரு கட்டையும் மேலேயும் கீழேயும் ஆணியில் நின்று தன்னைத் தானே சுற்றும். பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் பழைய செயினும் பல்சக்கரமும் வாங்கிவந்து அடியில் கோத்தார். கைப்பிடி இடது பக்கத்து மூலையில், முன்புறம். அங்கேதான் செயின் பிடித்தது. ஒரு கட்டை திரும்ப ஆரம்பித்த பிறகுதான் பக்கத்துக் கட்டை திரும்பும். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பல வாரம் அது திரும்பாமல்தான் நின்றது. பாயும் வந்து தரையில் படுத்துப் பார்த்துவிட்டு, "அல்லா விட்ட வழி" என்று எழுந்து போனார்.

அப்புறம் ஒரு நாள் அண்ணனிடம் போய், "மச்சான், உங்க காவேரியை இந்த அளவுக்குப் பெரிசு பண்ணிக் கொடுங்க" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"கிழிக்கறதுக்கு."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் கொடுத்தான். அவ்வளவு பெரிய காகிதம் கிடையாது என்பதால் துண்டு துண்டாகப் போட்டு ஒட்டிக் கொடுத்தான். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான் என்பது வேறு விஷயம். அதை இவர் நீளவாக்கில் கிழித்துக் கட்டைகளின் ஒரு பக்கத்தில் ஒட்டினார். மறுபக்கத்தில் தன் காவிரியை எழுதினார். ஆடி மாதத்துக் காவிரி, கரை புரளுகிற தண்ணீர்.

முதன்முதலில் அது ஓடினது ஒரு காலை நேரம். நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இங்க வந்து நில்லு" என்றார். சாம்பல் கையோடு போய் நின்றேன். எதிரில் அண்ணனின் போட்டோ, அதே வெறும் மணல். இவர் கைப்பிடியைச் சுற்றினார். வலது ஓரத்தில் ஒரு கட்டை திரும்பிற்று. மணல் இருந்த இடத்தில் ஒரு விரற்கடை தண்ணீர். அடுத்தது திரும்பிற்று. அதற்கடுத்தது. மேற்கேயிருந்து புதுத் தண்ணீர் வருகிறது! திருச்சிக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஊரே பாலத்தில் நின்று காத்திருக்கும். நுரையும் சருகுமாக, மணலை நக்கிக்கொண்டு, ஒரு பாம்பு நெளிகிற மாதிரி முதல் தண்ணீர் வரும். அப்படியே வந்தது. வெள்ளை மணலின் மேல் பச்சையும் நீலமும் ஏறி ஏறி வந்தன. தூரத்தில் சின்னதாக இருந்த மலைக்கோட்டை, கட்டைகள் திரும்பத் திரும்ப, ஆற்றை நோக்கி ஓரடி நகர்ந்து கிட்டத்தில் வந்து நின்றது.

நான் அழுதுவிட்டேன். ஏன் அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாம்பல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சல் தாங்காமல் இன்னும் அழுதேன். இவர் பயந்துபோய்க் கைப்பிடியை விட்டுவிட்டார். விட்டதும் ஆறு நின்றது. பாதி திரும்பின கட்டைகள் கோணல்மாணலாக, இடுக்கு இடுக்காக, ஒடிந்த சீப்பு மாதிரி நின்றன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது ஓடினால்தான் ஆறு. இந்தக் கோடியில் நிறுத்தினால் அண்ணனின் போட்டோ, அந்தக் கோடியில் நிறுத்தினால் இவருடைய சீன், நடுவில் நிறுத்தினால் விறகு.

சைக்கிள் கடை பாய் வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணனும் வந்து பார்த்தான். கைப்பிடியைத் தானே வாங்கிச் சுற்றினான். தண்ணீர் வந்தது. பின்பக்கமாகச் சுற்றினான். தண்ணீர் வடிந்து மணல் தெரிந்தது. குழந்தை மாதிரி முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில், "மாப்பிள்ளை, சண்டை தீர்ந்துச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அடுத்த வாரமே ஒரு பத்திரிகைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

மதராஸில் பெரிய கலைக் கண்காட்சி நடக்கப் போகிறதாம். சித்திரம், சிற்பம், புகைப்படம் என்று தனித்தனியாகப் பிரிவு. புது மாதிரியான படைப்புக்கும் சிற்பத்தில் இடம் உண்டாம். முதலில் படைப்பின் போட்டோவை மட்டும் அனுப்பினால் போதும். பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தவர்களை, சாமானோடு வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"போட்டோ எடுக்க ஆள் வெளியில தேடணுமா என்ன?" என்று அண்ணன் நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

இவர் வாய் திறந்து ஆசை என்று எதையும் சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்குப் படுக்கப் போகும் முன் சொன்னார். "பரிசெல்லாம் வேண்டாம். முன்பின் தெரியாத நாலு பேர் எதிர்ல நிக்கணும். நான் ஒரு தடவை சுத்திக் காட்டணும். அது போதும்." அதுவரை ஊரில் அவரை யாரும் ஓவியர் என்று சொன்னதில்லை. 'ஸ்டூடியோவில் சீன் எழுதுகிறவர்' என்பார்கள். அவர் எழுதின காவிரியில் ஸ்ரீரங்கம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூடத் திரும்பி அதைப் பார்த்ததில்லை, முதுகைத்தான் காட்டினார்கள். எனக்கும் அந்த ஒரு ஆசைதான் இருந்தது, யாராவது அவர் காவிரிக்கு முகத்தைக் காட்ட வேண்டும்.

படம் எடுக்கிற அன்று அண்ணன் பெரிய கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டான். இவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கைப்பிடியின் பக்கத்தில் நின்றார். கல்யாணத்துக்கப்புறம் அந்தச் சட்டையை அன்றைக்குத்தான் எடுத்தார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல கரையோரத்து மரம் மறையுது."

"தள்ளி நின்னா சுத்த முடியாது மச்சான்."

"சுத்தவா? படம் எடுக்கறப்பவா?" அண்ணன் கறுப்புத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். "ஆடிப்போயிடும்ங்க!"

"ஆடட்டும். நின்னா அது வெறும் கட்டை."

"என் முத்திரை போட்டு ஆடின படம் போகாது மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இந்த ஒண்ணு போகட்டும்."

நான் நடுவில் புகுந்தேன். அண்ணனைப் பார்த்து, "ஏண்ணே, ஆறு ஆடாம எப்படி ஓடும்? நீ சொன்னா அது மூச்சைப் பிடிச்சுக்குமா?" என்றேன். அவன் சிரித்துவிட்டான். சரி, மெதுவாகச் சுற்றட்டும், அவன் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பான் என்று முடிவாயிற்று. இவர் சுற்றினார். பாதி மணல், பாதி தண்ணீர் என்று வரும்போது அண்ணன் லென்ஸ் மூடியை எடுத்தான். பழக்கதோஷம், "ஆடாதீங்க" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இவர் சுற்றினார், மூடி விழுந்தது. ஒரே ஒரு கண்ணாடி பிளேட்தான் எடுத்தான்.

அடுத்த நாளே இவர் லால்குடிக்கு ஒரு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதப் போய்விட்டார். அண்ணன் மாதா மாதம் போட்டோ பேப்பரும் படம் கழுவுகிற மருந்தும் வாங்க மதராஸ் போவான். அந்தத் தடவை போகும்போது படத்தையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. தபாலில் கசங்கிவிடும் என்று அவனுக்குப் பயம். அவன் கிளம்பும்போது நான் படத்தைப் பார்க்கவில்லை. அட்டைக்குள் வைத்துக் கட்டியிருந்தான். "பிரமாதமா வந்திருக்கு தங்கச்சி. ரெண்டு நாளா உக்காந்து வேலை பார்த்திருக்கேன்" என்றான். கண் சிவந்திருந்தது. என்ன வேலை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு முன்னால் எடுத்த படம்தானே.

இவர் திரும்பி வந்து காத்திருந்தார். காத்திருக்கிற மனுஷன் செய்கிற வேலையெல்லாம் செய்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். வாகன வாடகை விசாரித்தார். சட்டத்தை எப்படிக் கழற்றி எப்படிக் கட்டுவது என்று சாக்குத் துணி வாங்கி வந்தார். மதராஸில் யாராவது இங்கிலீஷில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். "சுத்திக் காட்டுங்க, போதும்" என்றேன்.

அண்ணன் மதராஸில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தான். ரயிலடியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகம். காப்பியைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்தான்.

"எடுத்துக்கிட்டாங்க மாப்பிள்ளை" என்றான்.

இவர் எழுந்தேவிட்டார். "எப்ப கொண்டாரணுமாம்?"

"கொண்டார வேண்டாம். மாட்டிட்டாங்க."

"எதை?"

"படத்தை. போட்டோ பிரிவுல." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் சிற்பம்னுதான் கொடுத்தேன். சத்தியமா. அவங்க பார்த்துட்டு, சிற்பம் எங்கேன்னு கேட்டாங்க. இதுதாங்கன்னேன். சிரிச்சாங்க. காவேரியில புதுத் தண்ணி வர்ற சமயத்தை எப்படிங்க இவ்வளவு அழகா பிடிச்சீங்கன்னு கேட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன் மாப்பிள்ளை. கட்டை, செயின், கைப்பிடி எல்லாம் சொன்னேன். படத்துல காணோமேங்கறாங்க. என் பேரை எழுதி மாட்டிட்டாங்க. சிற்பத்துக்குக் கெடுவும் முடிஞ்சு போச்சு."

இவர் மெதுவாக, "படத்தைக் காட்டுங்க மச்சான்" என்றார்.

கைவசம் இன்னொரு பிரதி இருந்தது. அட்டையிலிருந்து எடுத்தான். அடடா, என்ன அழகான படம்! அகலமான காவிரி, இடது பக்கம் மணல், வலது பக்கத்திலிருந்து தண்ணீர் புகை மாதிரி மெல்ல ஏறி வருகிறது, அக்கரையில் மலைக்கோட்டை. ஒரு இடுக்கு இல்லை, ஒரு கோடு இல்லை. சட்டம் இல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கறுப்பாக விழுந்திருந்த கோடுகளையெல்லாம் அண்ணன் ஒவ்வொன்றாகப் பென்சிலால் மூடியிருந்தான். ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தில் வடுவை மூடுவது போல, அத்தனை பிரியமாக மூடியிருந்தான். அவனுக்குத் தெரிந்ததிலேயே நல்ல காரியத்தை அவன் மாப்பிள்ளைக்குச் செய்திருந்தான்.

இவர் இடது மூலையைப் பார்த்தார். கைப்பிடி இருந்த இடத்தில் மணல். அவர் நின்ற இடத்தில் ஒரு மரம்.

"என்னையும் டச்சிங் பண்ணிட்டீங்களா மச்சான்?"

அண்ணன் அந்த மூலையை விரலால் தொட்டான். "ஆத்துக்கு நடுவுல ஆள் நிக்கற மாதிரி இருந்துச்சு. சட்டை வேற பளீர்னு... மலைக்கோட்டையையும் தண்ணியையும் விட்டுட்டு கண்ணு அங்கதான் போச்சு. உங்க ஆறு நல்லாத் தெரியணும்னுதான்..."

"நல்லாத்தான் தெரியுது" என்றார் இவர். உண்மையாகவேதான் சொன்னார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

நான் அண்ணனைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தேன். "உன் கண்ணுல கொள்ளி வைக்க! எதைப் பார்த்தாலும் குறைதானா உனக்கு? மனுஷனையே வழிச்சுப் போட்டுட்டியே!" என்று கத்தினேன். அவன் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனான். பொங்கலுக்குச் சீரோடு வந்து வாசலிலேயே நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர்தான், "உள்ள வாங்க மச்சான், அவ கெடக்கறா" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

மறுபடி எடுத்து அனுப்பலாம் என்று அண்ணன் அடுத்த வருஷமும் சொன்னான், அதற்கடுத்த வருஷமும் சொன்னான். இவர் "பார்க்கலாம்" என்பார். அவருடைய பார்க்கலாம் எனக்குத் தெரியாதா? கொல்லையில் மேலே ஓலை போட்டுத்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழைக்கு ஓலை எந்த மூலைக்கு? முதலில் அண்ணனின் போட்டோ உப்பி உரிந்தது. அப்புறம் இவருடைய சாயம் வெடித்தது. சுற்றினால் கட்டை முனகும், திரும்பாது. ஒரு நாள் அவரே கழற்றி, நல்ல ரீப்பர்களைப் பொறுக்கித் திரைக்குச் சட்டம் அடிக்க எடுத்துக்கொண்டார். அப்போது திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வந்து, வேலைக்கு மனுப்போட பாஸ்போர்ட் படம் எடுக்கத்தான் ஸ்டூடியோவில் கூட்டம். அதற்கு வெள்ளைத் துணி போதும். அவர் அதையும் ஒழுங்காகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொடுத்தார். செயினைப் பாய் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அது ஓடினதைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் மொத்தம் நாலு பேர்: அவர், நான், அண்ணன், சைக்கிள் கடை பாய். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் கேட்டதும் நாலே பேர்தான். ஆனால் முன்பின் தெரியாத நாலு பேர்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் மஞ்சள் காமாலை வந்து அவர் போய்விட்டார். படுத்தார், எழுந்திருக்கவில்லை. கூடத்தில் மாலை போட்டு வைக்க எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் பிரித்து அண்ணன் பெரிசு பண்ணிக் கொடுத்தான். ஆடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ மாதிரி இருந்தார். நான் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்கள் கல் நெஞ்சுக்காரி என்று பேசியிருப்பார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போனேன். அண்ணன் ஜன்னலோரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் கண்ணாடி இருக்கா?" என்றேன். எந்தக் கண்ணாடி என்று அவன் கேட்கவில்லை. கை நீட்டுகிற தூரத்திலேயே வைத்திருந்தான்.

பஞ்சில் டர்பன்டைன் தொட்டான். மெதுவாக, வலது ஓரத்திலிருந்து, தண்ணீர் வந்த வழியிலேயே துடைத்துக்கொண்டு போனான். பென்சில் கரைந்து பஞ்சு கறுத்தது. நெகட்டிவில் ஒவ்வொரு கோடாகத் திரும்பி வந்தது, ஒவ்வொரு இடுக்கும் வந்தது. மூலைக்கு வந்து மணலைத் துடைத்தான். மணலுக்கு அடியிலிருந்து கைப்பிடி வந்தது. கைப்பிடியைப் பிடித்த கை வந்தது. நான் குனிந்து, "இன்னும் துடை, மேலே துடை" என்றேன். அவன் துடைத்தான். மரம் மரமாகவே இருந்தது. பஞ்சை மாற்றிக்கொண்டு மறுபடி துடைத்தான்.

"துடை அண்ணே."

"அது கத்தி தங்கச்சி" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன், நரைத்த தலையை ஜன்னல் பலகையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கூடத்துப் படத்துக்கு வராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. அவன் மேல் எத்தனையோ வருஷமாக வைத்திருந்த கோபம் அன்றோடு போயிற்று. வருத்தம் மட்டும் போகவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு பிரதி போட்டுக் கொடுத்தான். கோடு கோடாக, இடுக்கு இடுக்காக, நடுவில் கட்டைகள் திரும்புகிற இடம் கலங்கி, நன்றாகவே ஆடிப்போன படம். மூலையில் ஒரு கை, சுற்றுகிற வேகத்தில் விரல்கள் கலைந்து. மணிக்கட்டோடு கை முடிந்து மரம் ஆரம்பிக்கிறது. அண்ணன் படத்தைத் திருப்பினான். ஆடின படத்துக்கு அதுவரை அவன் குத்தியே இராத முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினான். முத்திரைக்கு மேலே தன் கையால் என் வீட்டுக்காரரின் பெயரை எழுதினான்.

அந்தப் படம்தான் என் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாலையும் அதற்குத்தான். புதிதாக வருகிறவர்கள் நின்று உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க, படம் ஆடிடுச்சே?" என்பார்கள்.

"ஆமாங்க. எடுக்கறப்ப ஓடிக்கிட்டிருந்துச்சு" என்பேன்.